ஒத்தை மாட்டை வெச்சு ஏர் பூட்டலாமா?

மதுரைக்கும் கபடிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டுப் பாருங்கள். 'கில்லி' என்று சட்டென்று பதில் வரும். 2004-ல் வந்த அந்தப் படத்தில் விஜய் கபடி ஆடத்தான் மதுரைக்கு வருவார். வந்த இடத்தில் கபடியை விட்டுவிட்டு த்ரிஷாவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனது தனிக்கதை!

சினிமா கிடக்கட்டும். தை பிறந்து அறுவடை முடிந்ததும் வாடிப்பட்டி, சோழவந்தான், உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கம் ஒரு நாள் ராத்திரி பஸ்ஸில் போய்ப் பாருங்கள். எங்கேயாவது ஒரு பொட்டல்காட்டில் ட்யூப் லைட் வெளிச்சமும், மைக்கில் "பாடி வருகிறார்... பாடி வருகிறார்..." என்று தொண்டை கிழியும் சத்தமும் நிச்சயம் உண்டு. மின்னொளி கபடிப் போட்டி! முதல் பரிசு ரொக்கமும், ஆள் உயரத்துக்குக் கோப்பையும். சில ஊரில் கூடவே ஒரு கிடாய். (தோற்ற அணிக்குக் குழம்பு வாசனை மட்டும்!)

அப்படி ஒரு போட்டிக்கு என் பெரியப்பாவுடன் போயிருந்தேன். பெரியப்பா அந்தக் காலத்துச் சடுகுடு ஆட்டக்காரர். இடது கை சுண்டுவிரல் இன்னும் கிழக்கே பார்த்துத்தான் நிற்கும். ஆட்டத்தை விட்ட பிறகு அவருடைய உத்தியோகம் மாட்டுத் தரகு. மதுரையில் இன்றைக்கு பஸ் ஸ்டாண்டு இருக்கும் இடத்துக்கு 'மாட்டுத்தாவணி' என்று பெயர் இருக்கிறதே, அந்த மாதிரி சந்தைகளில் வளர்ந்தவர். மாட்டின் பல்லைப் பிடித்து வயசு சொல்வார். சுழி பார்த்துக் குணம் சொல்வார். துண்டுக்கு அடியில் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார். பக்கத்தில் நிற்கிற நமக்கு ஒரு எழவும் புரியாது.

அவரிடம் என் நெடுநாள் சந்தேகத்தைக் கேட்டேன்.

"பெரியப்பா, நம்ம தமிழ் தலைவாஸ் டீமு இத்தனை வருஷமா கோடி கோடியா குடுத்து ரெய்டர்களை வாங்குது. ஆனா கப்பு மட்டும் வரமாட்டேங்குதே, ஏன்?"

பெரியப்பா வெற்றிலையை ஓரமாக ஒதுக்கினார்.

"மாடு நல்ல மாடாத்தான்டா வாங்குறாய்ங்க. ஜோடி சேக்கத் தெரியல. ஒத்தை மாட்டை வெச்சு ஏர் பூட்டலாமா?"

அவ்வளவுதான். திரும்பவும் ஆட்டம் பார்க்கப் போய்விட்டார். எனக்குத்தான் தூக்கம் போயிற்று. வீட்டுக்கு வந்து புரோ கபடியின் பழைய கணக்கையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். அட, மனுஷர் சொன்னது அப்படியே இருக்கிறது!

* * *

முதலில் சட்டத்தைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கொள்வோம். கபடி தெரிந்தவர்கள் இந்தப் பாராவைத் தாண்டிக் குதிக்கலாம். போனஸ் பாயின்ட் கேட்கக் கூடாது.

ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். பாடிப் போகிறவருக்கு முப்பது விநாடி. தொட்டுவிட்டுத் திரும்பினால் தொட்டவர்கள் எல்லாம் அவுட். பிடிபட்டால் பாடிப் போனவர் அவுட். இங்கேதான் சூட்சுமம். அவுட் ஆனவர் தானாக உள்ளே வர முடியாது. அவருடைய அணி எதிராளி ஒருவரை அவுட் ஆக்கினால்தான் வெளியே இருப்பவர்களில் ஒருவர் உள்ளே வரலாம்.

அதாவது, இரண்டு கோடி ரூபாய் ரெய்டர் பிடிபட்டுவிட்டால், அவர் ஓரத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அவரை மீட்டுக் கொண்டு வர வேண்டியவர் யார்? பத்து லட்சத்துக்கு வாங்கிய இரண்டாவது ரெய்டர்! அவரும் மாட்டிக்கொண்டால்? மூன்றாவது ஆள்! அந்த மூன்றாவது ஆள் ஏனோதானோ என்றால், ஆள் குறைந்து குறைந்து 'ஆல் அவுட்'. எதிரணிக்கு அதற்கென்று தனியாக இரண்டு பாயின்ட் மொய்!

கிரிக்கெட்டில் ஒரு டெண்டுல்கர் நாள் முழுக்க நின்று மேட்சை இழுத்துக்கொண்டு போகலாம். கபடியில் அந்த வசதி கிடையாது. எவ்வளவு பெரிய கொம்பனும் பெரும்பாலும் ஒரு மேட்சில் கொஞ்ச நேரமாவது வெளியே உட்கார வேண்டி வரும். அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்பதில்தான் கப்பே இருக்கிறது.

* * *

இனி தலைவாஸ் கதை.

2017-ல், புரோ கபடியின் ஐந்தாவது சீசனில் தமிழ் தலைவாஸ் பிறந்தது. பிறக்கும்போதே பெரிய கை. இந்திய அணியின் நட்சத்திரம் அஜய் தாக்கூர்தான் கேப்டன், முதல் ரெய்டர். அவரும் குறை வைக்கவில்லை. அந்த சீசனிலும், 2018-ல் அடுத்த சீசனிலும் 200-க்கு மேல் ரெய்டு பாயின்ட் எடுத்தார். அணி எங்கே முடித்தது தெரியுமா? இரண்டு தடவையும் தன் பிரிவில் கடைசி!

முதல் சீசனில் அஜய்க்குத் துணையாக ஒரு தமிழ்நாட்டுப் பையன் நன்றாக ஆடினார். கே. பிரபஞ்சன், சேலம் பக்கம். ஜோடி அமைந்தது என்று நினைத்தால், அடுத்த சீசனில் அவரை குஜராத் கொத்திக்கொண்டு போய்விட்டது. மூன்று வருஷம் கழித்து, 2021 ஏலத்தில் அதே பிரபஞ்சனை 71 லட்சம் கொடுத்துத் தலைவாஸ் திரும்ப வாங்கியது. கன்றுக்குட்டியாக வீட்டில் இருந்ததை ஓட்டிவிட்டு, காளையானதும் சந்தையில் போய் விலைக்கு வாங்கிய கதை!

2019-ல் இன்னும் வேடிக்கை. அஜய் தாக்கூர் இருக்கிறார். கூட ராகுல் சௌத்ரி, 94 லட்சம். அதற்கும் மேல் ஷபீர் பாப்பு. மூன்றும் பேர் பெற்ற பெயர்கள். போஸ்டர் பிரமாதம். பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது இடம்!

இதைப் பெரியப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்டது: "மூணும் வண்டி மாடுடா. வயசு என்ன ஆச்சுன்னு பல்லைப் பாத்தாய்ங்களா?"

பெயருக்கு விலை கொடுப்பது வேறு, காலுக்கு விலை கொடுப்பது வேறு என்கிறார். கபடியில் ரெய்டருக்கு மூலதனமே முழங்கால். நாலு வருஷத்துக்கு முந்தின பேப்பர் கட்டிங்கைப் பார்த்து ஏலம் கேட்டால் இப்படித்தான்.

* * *

2022 ஏலம். இந்த முறை தலைவாஸ் துண்டை உதறிக்கொண்டு எழுந்தது. அன்றைக்கு நாட்டிலேயே நம்பர் ஒன் ரெய்டர் பவன் ஷெராவத். அவருக்காக 2 கோடியே 26 லட்சம் கொடுத்தார்கள். புரோ கபடியில் அதுவரை யாருக்கும் கிடைக்காத விலை. தமிழ்நாடே நிமிர்ந்து உட்கார்ந்தது. இந்த வருஷம் கப்பு நமக்குத்தான்!

அக்டோபர் 8. பெங்களூரில் முதல் மேட்ச், குஜராத்துடன். (எதிரணிக் கேப்டன் சந்திரன் ரஞ்சித், நம்ம தமிழ்நாட்டுக்காரர்!) ஆட்டம் ஆரம்பித்துப் பத்து நிமிஷம்தான் இருக்கும். எதிராளியைப் பிடிக்கப் போன பவன், முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஸ்ட்ரெச்சர் வந்தது. அதோடு அவருக்கு அந்த சீசன் முடிந்தது.

கப்பல் கவிழ்ந்தது என்று எல்லோரும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்கள். நியாயமாகப் பார்த்தால் அந்த வருஷமும் கடைசி இடம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அங்கேதான் கதை திரும்புகிறது.

அணியில் நரேந்தர் என்று ஒரு ஹரியானாப் பையன். ஏலத்துக்கே வராதவர். 'நியூ யங் பிளேயர்' என்று ஒரு வழி உண்டு. இதுவரை லீக்கில் ஆடாத சின்னப் பையன்களை அணிகளே தேடிப் பிடித்து, சின்னச் சம்பளத்துக்குச் சேர்த்துக்கொண்டு வளர்க்கலாம். அப்படி வந்தவர். பவன் இருந்திருந்தால் இவருக்கு இரண்டாவது, மூன்றாவது ரெய்டு வேலைதான். பவன் விழுந்ததும் மொத்த பாரமும் இந்தப் பையன் தலையில். கோச்சும் நடுவில் மாறினார். அஷன் குமார் பொறுப்பேற்றார். அஜிங்க்யா பவார் தோள் கொடுத்தார். பின்னால் சாகர், சாஹில் குலியா என்று இளவட்டப் பிடிகாரர்கள்.

நரேந்தர் அந்த முதல் சீசனிலேயே எடுத்த ரெய்டு பாயின்ட் 243!

முதல் தடவையாகத் தலைவாஸ் ப்ளே-ஆஃப் போனது. உ.பி. அணியுடன் 36-36 என்று சமனாகி, டை-பிரேக்கரில் ஜெயித்து அரை இறுதிக்குப் போனது. அங்கே புனேயிடம் 37-39. இரண்டே பாயின்ட்டில் இறுதிப் போட்டி கை நழுவியது.

இரண்டேகால் கோடி ரூபாய் ஓரத்தில் உட்கார்ந்திருக்க, சின்னச் சம்பளப் பையன் அரை இறுதி வரை இழுத்துக்கொண்டு போனான். காயம் செய்து காட்டிய உண்மை இது. வேறு எந்த வருஷமும் இத்தனை தெளிவாகத் தெரிந்ததில்லை.

* * *

இந்த ஆள் பிடிக்கும் வித்தையில் அமெரிக்காக்காரர்கள் மகா கெட்டிக்காரர்கள். அவர்கள் ஊர் ஃபுட்பாலில் (காலால் உதைப்பதை விடக் கையால் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் அதிகம், ஆனாலும் பெயர் ஃபுட்பால்!) 1936-லிருந்து 'டிராஃப்ட்' என்று ஒரு முறை இருக்கிறது. கல்லூரிகளில் ஆடி முடித்த பையன்களை அணிகள் வரிசையாக ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலில் தேர்ந்தெடுப்பவர் யார்? போன வருஷம் கடைசியாக வந்த அணி! கடைசி பெஞ்ச் பையனுக்கு முதல் பந்தி!

அங்கேயும் ஒரு வேடிக்கை. 1936-ல் முதல் பந்தியில் முதல் இலையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஜே பெர்வாங்கர். அவர் கடைசி வரை தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடவில்லை. 2000-ல் 198 பேரைத் தேர்ந்தெடுத்த பிறகு, 199-வது ஆளாக வேண்டா வெறுப்பாக எடுக்கப்பட்டவர் டாம் பிரேடி. அவர் ஏழு முறை கோப்பை ஜெயித்தார். பல்லைப் பிடித்துப் பார்ப்பதில் இவ்வளவு இருக்கிறது!

இன்னொரு விஷயம். அந்த ஆட்டத்தில் பந்தை வீசுகிற நாயகனுக்கு முன்னால் ஐந்து தடியர்கள் வரிசையாக நிற்பார்கள். நூற்று முப்பது, நூற்று நாற்பது கிலோ. அவர்கள் பந்தைத் தொடுவதே அபூர்வம். ஆனால் அந்த வரிசை ஓட்டையாக இருந்தால் நாயகன் மூன்று விநாடியில் தரையில்! அதனால் விவரமான அணிகள் முதல் பந்தியிலேயே அந்தத் தடியர்களைத் தேடி எடுக்கும். நம் கபடியில் அந்தத் தடியர்களின் வேலையைத்தான் இரண்டாவது, மூன்றாவது ரெய்டர்கள் செய்கிறார்கள். கைதட்டல் குறைவு. காரியம் அதிகம்.

நம் புரோ கபடியில் கடைசி பெஞ்சுக்குச் சலுகையெல்லாம் கிடையாது. ஏலம்தான். எல்லா அணிக்கும் ஒரே அளவு பணப்பை; 2023-லிருந்து ஐந்து கோடி. அதற்குள் 18 பேருக்குக் குறையாமல் அணி கட்ட வேண்டும். அதில் ஒருவருக்கே இரண்டு கோடிக்கு மேல் கொடுத்துவிட்டால், மிச்சம் பதினேழு பேருக்கு? கல்யாண மண்டபத்துக்கே காசெல்லாம் போய், பந்தியில் ரசம் சாதம் போட்ட கதைதான்.

ஏலத்தில் இன்னொரு சட்டமும் உண்டு. ஒரு வீரரை வேறு அணி கடைசி விலை கேட்டு முடிக்கும் நேரம், பழைய அணி ஒரு கார்டைத் தூக்கிக் காட்டி, "அதே விலை நான் தர்றேன், ஆள் எனக்கு" என்று தடுக்கலாம். நம் ஊரில் சம்பந்தம் பேசி முடித்து வெற்றிலை மாற்றும்போது தாய்மாமன் வந்து குறுக்கே நிற்பாரே, அதேதான்! மதுரைக்காரர்களுக்கு இந்தச் சட்டத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

* * *

<b>மூணு ரெய்டர், மூணு வேலை</b>

தலை ரெய்டர்: அதிக முறை பாடிப் போகிறவர். ஏழு பேர் நிற்கும்போதும் பயப்படாமல் ஆள் எடுக்க வேண்டும். எதிராளிகளின் கண் முழுக்க இவர் மேல்தான்.

இரண்டாம் ரெய்டர்: தலை வெளியே இருக்கும்போது ஒரு ஆளையாவது தொட்டு அவரை மீட்க வேண்டும். எதிரே ஆறு பேருக்குக் குறையாமல் இருந்தால் போனஸ் கோட்டை மிதித்து ஒரு பாயின்ட் சேர்க்கிற சாமர்த்தியமும் வேண்டும். (ஆனால் போனஸ் பாயின்ட்டுக்கு ஆள் உள்ளே வராது. ஜாக்கிரதை!)

மூன்றாம் ரெய்டர்: 'டூ ஆர் டை' ஆசாமி. இரண்டு ரெய்டு வெறுங்கையோடு திரும்பினால், மூன்றாவது ரெய்டில் பாயின்ட் எடுத்தே ஆக வேண்டும், இல்லையேல் அவுட். அந்த நேரத்துக்கென்றே நெஞ்சழுத்தம் உள்ள ஆள்.

* * *

இந்தக் கணக்கைப் புரிந்துகொண்ட அணிகள் கப்பு அடித்திருக்கின்றன. டெல்லி அணி 2018-ல் நவீன் குமார் என்ற பதினெட்டு வயதுப் பையனை இளம் வீரராகக் கொண்டுவந்து வளர்த்தது. 2022 பிப்ரவரியில் அவர்தான் டெல்லியை சாம்பியன் ஆக்கினார். புனே அணி அஸ்லாம் இனாம்தார், மோஹித் கோயத் என்ற இரண்டு சின்னப் பையன்களைச் சேர்த்து, தோற்றாலும் விடாமல் ஜோடியாக ஆட வைத்தது. 2024 மார்ச் 1-ம் தேதி கோப்பையைத் தூக்கியபோது கேப்டன் அதே அஸ்லாம்!

நம்ம தலைவாஸ்? 2024-ல் சச்சின் தன்வருக்கு 2 கோடியே 15 லட்சம். ப்ளே-ஆஃப் இல்லை. 2025-ல் அர்ஜுன் தேஷ்வாலுக்கு ஒரு கோடியே நாற்பது லட்சத்துச் சொச்சம். கூடவே பவன் ஷெராவத் 59 லட்சத்து 50 ஆயிரத்துக்குத் திரும்ப வந்தார். ஆகா, இந்த முறை நிஜமான ஜோடி என்று கைதட்டினோம். சீசன் முடியும் முன்பே பவன் அணியில் இல்லாமல் போனார். மறுபடியும் ஒத்தை மாடு. மறுபடியும் ப்ளே-ஆஃப் இல்லை.

ஒரு தடவை தற்செயலாகக் கிடைத்த பாடத்தைத் தெரிந்தே செய்திருந்தால்?

* * *

"சரி, ஹரியானாவுல தேடுறதை நம்ம பக்கம் தேடக் கூடாதா பெரியப்பா?"

அந்த ராத்திரி நான் கேட்டபோது, களத்தில் பதினேழு வயது மதிக்கத்தக்க ஒரு பையன் பாடிக்கொண்டிருந்தான். நாலு பேர் சுற்றி வளைத்தார்கள். கீழே குனிந்து, ஒருத்தன் கைக்கு அடியில் பாம்பு மாதிரி நழுவி, கோட்டைத் தொட்டான். மைக்காரர் உயிரை விட்டார்.

பெரியப்பா உடனே பதில் சொல்லவில்லை. "அவன் காலைப் பாரு" என்றார்.

பார்த்தேன். வெறுங்கால். முட்டி இரண்டும் சிராய்ப்பு.

"இது மண்ணு. டிவியில ஆடுறது மெத்தை. மண்ணுல வழுக்கித் திரும்புவான். அங்க ஷூ போட்டுக்கிட்டு சடக்குனு திரும்பணும். பழகாத முட்டி அதுலதான் போயிரும். இவனுக்கு ஆட்டம் இருக்கு. மெத்தையும் டாக்டரும் சோறும் யாரு குடுக்குறது?"

கேள்வி சரியான இடத்தில் தைத்தது. தென்மாவட்ட மண் ஆள் கொடுக்காத மண் அல்ல. தூத்துக்குடி மாவட்டம் மணத்தி கணேசன் இந்த மாதிரி மண்ணிலிருந்துதான் 1994-ல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுத் தங்கம் வரை போனார். அர்ஜுனா விருதும் வாங்கினார். தஞ்சைப் பக்கத்து தர்மராஜ் சேரலாதன் பாட்னாவுக்குக் கேப்டனாகி 2016-ல் கோப்பை வாங்கிக் கொடுத்தார். மண் கொடுக்கிறது. மண்ணுக்கும் மெத்தைக்கும் நடுவில்தான் பாலம் குறைச்சல்.

லீக் அணிகள் பையன்களைப் பார்ப்பது பெரும்பாலும் ஜூனியர் நேஷனல், பல்கலைக்கழகப் போட்டிகள், செலக்‌ஷன் ட்ரயல்கள் போன்ற இடங்களில். பொட்டல்காட்டு மின்னொளிப் போட்டிக்கு யாரும் கேமரா தூக்கிக்கொண்டு வருவதில்லை. ஆகவே பையன் முதலில் மாவட்ட அணி, பிறகு மாநில அணி என்று ஏற வேண்டும். அதற்கு மேட்டில் பழக்கம் வேண்டும். எடையும் 85 கிலோவுக்குள் இருக்க வேண்டும். ஆனால் அந்த எடை சோற்றுத் தொந்தியாக இருக்கக் கூடாது.

ஒரு கோடி ரூபாய் வேண்டாம். அதில் ஒரு பங்கை எடுத்து, மதுரை ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியம் மாதிரி ஒரு இடத்தில் வருஷம் ஒரு முறை வட்டாரத்துப் பையன்களைக் கூப்பிட்டு, மெத்தை போட்டு, பத்து நாள் பார்க்கட்டுமே. நூறு பேரில் இரண்டு பேர் தேறினால் போதும். கன்றுக்குட்டி விலையில் காளை!

பையன்களைப் பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. டிவியில் வருவது நாலைந்து பேர்தான். முழங்கால் ஒரு விநாடியில் போகும். இரண்டேகால் கோடி ரூபாய்க் காலுக்கே போனது. அதனால் படிப்பை நிறுத்திவிடாதீர்கள். தமிழக அரசு வேலைகளில் விளையாட்டுக்காரர்களுக்கு 3 சதவிகித ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வே, போலீஸ் என்று கபடி சோறு போடும் இடங்களும் உண்டு. அங்கே போகக் கோப்பை மட்டும் பத்தாது, உரிய போட்டிகளில் ஆடிய சர்ட்டிபிகேட்டும் மார்க் ஷீட்டும் வேண்டும். ஜெயித்த கிடாயைக் காட்டி வேலை கேட்க முடியாது!

* * *

விடிகாலை மூன்று மணிக்கு ஃபைனல் முடிந்தது. அந்த வெறுங்கால் பையனின் அணி தோற்றுவிட்டது. கடைசி ஐந்து நிமிஷம் அவன் வெளியே உட்கார்ந்திருந்தான். உள்ளே இருந்த மூன்று பேரில் ஒருவராலும் ஒரு ஆளைத் தொட்டு அவனை மீட்க முடியவில்லை.

பெரியப்பா எழுந்து துண்டை உதறினார். நேராகப் பையனிடம் போனார். பல்லைப் பிடித்துப் பார்த்துவிடுவாரோ என்று பயந்தேன். பார்க்கவில்லை.

"நல்லா ஆடுனடா தம்பி. ஒன்கூட ஆடுற ரெண்டு பேரையும் தினம் சாயங்காலம் இழுத்துட்டுப் போயி பழக்கு. அவய்ங்க தேறுனாத்தான் நீ தேறுவ."

பையன் முட்டியைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினான்.

அடுத்த ஏலத்துக்குப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் தேவலை. பெரியப்பாவுக்கு ஃபீஸ் எதுவும் வேண்டாம். பஸ் சார்ஜும் ஒரு கவுளி வெற்றிலையும் போதும்!